பென்னி லிக்கும் இரட்டைக் குவளையும்: ஒரு ஐஸ்கிரீம் கடை வரைபடத்தின் கதை

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. காரணம் வழக்கமானதுதான், கல்லூரியில ஆணி அதிகம். "இன்டீரியர் டிசைன் படிக்கிறவனுக்கு என்னப்பா பெரிய ஆணி, சுவருக்குப் பெயின்ட் கலர் சொல்றதுதானே?" என்று போன பதிவில் கிண்டலடித்த நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க. பதிவே உட்காருவது பற்றித்தான்.

இந்தப் பருவத்துக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் இதுதான்: நீங்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு சின்ன டெஸர்ட் கடைக்கு உள்வடிவமைப்பு செய்ய வேண்டும். கடையின் அகலம் 5 மீட்டர், நீளம் 12 மீட்டர். ஐஸ்கிரீம், வாஃபிள், ஃபலூடா, கேக் இப்படி எதை வேண்டுமானாலும் விற்கலாம். கலர், விளக்கு, மேசை எல்லாம் நம் இஷ்டம். ஆனால் பாடம் நடத்துபவர் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டார்: "இந்தக் கடையில் யார் உட்காருவார்கள், யார் உட்கார மாட்டார்கள்? அதற்கான பதில் உங்கள் வரைபடத்தில் எங்கே இருக்கிறது?"

பார்க்க எளிமையான கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனதில் 250 வருஷத்துக் கதை கிடைத்தது. பாதி லண்டன் கதை, பாதி நம்ம ஊர்க் கதை.

முதலில் ரெய்னர்ஸ் லேன்

தெரியாதவங்களுக்கு: இது லண்டனின் வடமேற்கில், ஹாரோ பகுதியில் இருக்கிறது. ஹாரோவிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் வரை மெட்ரோபாலிட்டன் ரயில் 1904-ல் ஓட ஆரம்பித்தது. ரெய்னர்ஸ் லேனில் வண்டி நிற்க ஆரம்பித்தது 1906-ல். அப்போ இங்கே சுற்றிலும் வயல்தான். வெட்டவெளியில் குளிர்காற்றில் நின்று ரயில் மாறணும் என்பதால் இந்த நிலையத்துக்கு 'நிமோனியா ஜங்ஷன்' என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. (ஜனவரி மாசம் காலை 7 மணிக்கு நிற்கிறவனுக்கு அது இன்னும் பொருந்தும்.)

1930-களில் எல்லாம் மாறியது. ரயில் கம்பெனியே நிலம் வாங்கி, 'மெட்ரோலேண்ட்' என்று விளம்பரம் செய்து, லண்டன் நகரத்துக் குடும்பங்களைப் புறநகருக்கு இழுத்தது. வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. 1930-ல் வருஷத்துக்கு 22,000 பேர் பயன்படுத்திய நிலையத்தை 1937-ல் 40 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். சார்லஸ் ஹோல்டன், ரெஜினால்ட் யூரன் இருவரும் வடிவமைத்த இப்போதைய நிலையக் கட்டடம் 1938-ல் வந்தது. நிலையத்தைச் சுற்றி இருக்கும் கடை வரிசைகளும் அந்தக் காலத்தவை. கீழே கடை, மேலே வீடு. இன்று அந்த வரிசைகளில் தமிழ் எழுத்துப் பலகைகளைப் பார்க்கலாம். பலசரக்கு, நகை, புட்டு, கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. என் கற்பனைக் கடையும் இதில் ஒன்றுதான்.

உட்கார இடமே இல்லாத கடை

லண்டனில் ஐஸ்கிரீம் முதலில் பணக்காரர்களின் பண்டம். 1757-ல் டொமினிகோ நெக்ரி என்ற இத்தாலியர் பெர்க்லி சதுக்கத்தில் இனிப்புக்கடை ஆரம்பித்தார். பின்னாளில் அது 'கன்டர்ஸ்' என்ற பெயரில் பிரபலமானது. இந்தக் கடையின் விசேஷம், வாடிக்கையாளர்களில் பலர் உள்ளே வரவே மாட்டார்கள். சதுக்கத்து மரநிழலில் குதிரை வண்டியை நிறுத்திவிடுவார்கள். பணியாளர்கள் தட்டில் ஐஸை ஏந்திக்கொண்டு சாலையைக் கடந்து வண்டிக்கே ஓடுவார்கள், உருகுவதற்குள்!

ஏன் இப்படி? மேட்டுக்குடிப் பெண் ஒருத்தி துணையில்லாமல் ஓர் ஆணோடு கடைக்குள் போனால் ஊர் பேசும். திறந்த வண்டியில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டால் பேசாது. ஆக அந்தக் காலத்து மரியாதைப்பட்ட பெண்ணுக்கான நாற்காலி கடைக்கு வெளியே, சக்கரத்தின் மேல் இருந்தது. கட்டடக்கலைப் புத்தகத்தில் இதை இன்டீரியர் என்று சேர்க்க மாட்டார்கள். நான் சேர்ப்பேன்.

ஒரு பென்னிக்கு ஒரு நக்கு

ஐஸைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கார்லோ கட்டி. சுவிட்சர்லாந்தில் இத்தாலி மொழி பேசும் டிச்சினோ பகுதிக்காரர். 1840-களின் கடைசியில் லண்டன் வந்தார். நார்வேயிலிருந்து கப்பலில் பனிக்கட்டியை இறக்கி, கால்வாய் ஓரத்தில் பெரிய கிணறு வெட்டிச் சேமித்து வைத்தார். கிங்ஸ் கிராஸ் பக்கம் அந்தக் கிணற்றை இன்றும் பார்க்கலாம், அவருடைய அந்தக் கிடங்குதான் இப்போ லண்டன் கால்வாய் அருங்காட்சியகம். (நம்ம சென்னை ஐஸ் ஹவுஸ் ஞாபகம் வருதா? அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டியை வைக்க 1842-ல் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்.)

பனிக்கட்டி மலிவானதும் தெருவோர ஐஸ்கிரீம் வண்டிகள் பெருகின. இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள்தான் பெரும்பாலும் தள்ளினார்கள். அவர்கள் பயன்படுத்திய கண்ணாடிக் குவளைக்குப் பெயர் 'பென்னி லிக்'. ஒரு பென்னி கொடுத்தால் குவளையில் ஒரு கரண்டி. நக்கிச் சாப்பிட்டுவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுக்கணும். அவர் அதை ஒரு துணியால் துடைத்தோ, அழுக்குத் தண்ணியில் முக்கியோ அடுத்தவருக்குக் கொடுப்பார். குவளையின் அடிப்பாகம் தடித்த கண்ணாடி, உள்ளே குழி ரொம்பக் கம்மி. வெளியிலிருந்து பார்த்தால் நிறைய இருக்கிற மாதிரித் தெரியும். டிசைனின் மகிமை :-)

காசநோய் பரவுகிறது என்ற பயத்தில் 1899-ல் லண்டனில் பென்னி லிக்கைத் தடை செய்தார்கள். சாப்பிடக்கூடிய கூம்பு அதற்குள் வந்துவிட்டிருந்தது. ஆக்னஸ் மார்ஷல் என்ற அம்மையார் 1888-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே கூம்புச் செய்முறை இருக்கிறது. கழுவவே வேண்டாத, திருப்பித் தரவும் வேண்டாத பாத்திரம்!

இந்தக் குவளையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

வெள்ளையும் தங்கமும்

குதிரை வண்டி இல்லாத பெண்கள் எங்கே உட்காருவது? பப் ஆண்களின் இடம். ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்கிற ரொட்டிக் கம்பெனி 1864-ல் டீக்கடை திறந்தது. பெண்கள் துணையில்லாமல் தனியாக வந்து உட்கார முடிந்த இடம் என்று இந்தக் கடைகள் பெயர் வாங்கின. அடுத்து லயன்ஸ். 1894-ல் பிக்காடிலி 213-ஆம் எண்ணில் முதல் டீக்கடை. வெள்ளை முகப்பு, தங்க எழுத்து. எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தோற்றம், ஒரே டீ. கிட்டத்தட்ட 250 கடைகள் வரை வளர்ந்தார்கள். பரிமாறும் பெண்களுக்கு 1920-களில் 'நிப்பி' என்று பெயர் வைத்தார்கள்.

அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண், கடையில் விற்பனை செய்யும் பெண் எல்லாரும் மதியம் தனியாக வந்து உட்கார்ந்து, ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் வெளியே வேலைக்குப் போன வரலாற்றில் இந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. கண்ணாடி முகப்பு, வெளிச்சமான உள்பக்கம், சிறிய மேசை. "உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியிலிருந்தே பார்த்துக்கோ, பயப்படாதே" என்று சொல்கிற இன்டீரியர்.

லயன்ஸுக்கும் நமக்கும் இரண்டு ஒட்டுறவு உண்டு. ஒன்று, 1921-ல் அவர்கள் டீத் தொழிற்சாலை திறந்தது நம்ம ஏரியாவுக்குப் பக்கத்து கிரீன்ஃபோர்டில். பிரிட்டன் குடித்த டீயில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம்ம மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து ஜனங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த நாற்காலியில் இடம் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது ஒட்டுறவு, சாஃப்ட்வேர் ஆணி பிடுங்கும் பதிவர்களுக்கு. வணிகக் கணக்குக்கு உலகில் முதன்முதலாக ஓட்டப்பட்ட கம்ப்யூட்டரான லியோ, 1951-ல் ஓடியது இந்தக் கேக் கம்பெனியில்தான், பேக்கரிக் கணக்குப் போட. உங்க தொழிலின் குலதெய்வம் ஒரு பன்னு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்ம ஊர்ப் பக்கம்

இப்போ அந்தக் குவளைக்கு வருவோம்.

நம்ம ஊர் மிட்டாய்க்கடை அடிப்படையில் நின்று வாங்கும் கடை. தராசு, காகிதப் பொட்டலம், நூல்கண்டு. உட்கார்ந்து சாப்பிடுவது காபி கிளப்பிலும் ஹோட்டலிலும்தான் ஆரம்பித்தது. உட்காருதல் வந்ததுமே யார் பக்கத்தில் யார் என்ற பிரச்சினையும் கூடவே வந்தது. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் அது போனது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல் நடந்தது. ஒரு கடையின் முகப்பில் ஒரே ஒரு சொல், அதற்காக நூற்றுக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 'சைனேஜ்' என்று எங்களுக்கு ஒரு முழுப் பாடமே இருக்கிறது. அதில் எழுத்துரு பற்றிச் சொல்கிறார்கள். இதை யாரும் சொல்லவில்லை.

கிராமத்து டீக்கடை இன்னும் மோசம். இரட்டைக் குவளை. தலித்துகளுக்குத் தனி டம்ளர், உட்கார பெஞ்சு கிடையாது, தரையில் குந்தி உட்காரணும் அல்லது தள்ளி நிற்கணும். 1955-லேயே சட்டம் போட்டுத் தீண்டாமையைக் குற்றமாக்கினார்கள். ஆனால் இரட்டைக் குவளைச் செய்தி அதற்கு அப்புறமும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. பென்னி லிக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டன் தெருவில் எல்லாருக்கும் ஒரே குவளை, ஒழுங்காகக் கழுவாமல். நம்ம ஊரில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை, குடித்தவரே கழுவி வைக்கணும். முதலாவது நோயைப் பரப்பியது, சுகாதார அதிகாரி வந்து நிறுத்திவிட்டார். இரண்டாவதே ஒரு நோய், அதனால் அதற்கு அதிகாரி போதவில்லை.

யாழ்ப்பாணத்துக் கதையும் வேறில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடையில் மூக்குப்பேணி, கிளாஸ் கொடுக்காமல் போத்தலில் ஊற்றிக் கொடுத்த வழக்கம் இருந்தது. இலங்கையில் 1957-ல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது காகிதத்தில் கிடந்தது. 1966 அக்டோபர் 21-ம் தேதி சுன்னாகத்திலிருந்து கிளம்பிய ஊர்வலத்துக்குப் பிறகுதான் சங்கானை உள்ளிட்ட ஊர்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் சூடு பிடித்தன. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடிப்பதற்காக. அந்தப் போராட்ட ஆண்டுகளில் உயிர்கள் போயின.

எங்க தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் ப்ராஜெக்டுக்காகப் பேச்சுக் கொடுத்தேன். ஐஸ்கிரீம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, ஐஸ்கிரீம் எண்டா எங்களுக்கு நல்லூர்த் திருவிழாதான். சாமி கும்பிட்டுட்டு நேர கூல்பாருக்குத்தான் போவம்" என்றார். 1990-ல் போரினால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனதையும், "ஐஸ்கிரீமைக் கனவிலதான் கண்டனாங்கள்" என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்றைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நல்லூர்க் கோவிலுக்குப் பக்கத்து ரியோவில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், அவரிடமும் நாலைந்து இருக்கின்றன.

அப்புறம் போத்தல் பற்றிக் கேட்டேன். சிரிப்பு நின்றது. "அதுகளை ஏன் தம்பி இப்ப கிண்டுறியள்" என்றார். கொஞ்ச நேரம் பருப்புப் பைகளை அடுக்கினார். பிறகு, அவராகவே, "எங்கட பக்கத்துக் கடையிலயும் இருந்தது. நான் சின்னப்பிள்ளை, பாத்தனான்" என்றார். அவ்வளவுதான். நான் மேலே கேட்கவில்லை.

பள்ளத்தில் ஒரு காபிக்கடை

ரெய்னர்ஸ் லேன் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், அலெக்ஸாண்ட்ரா அவென்யூவில், ஒரு விசித்திரமான கட்டடம் இருக்கிறது. முகப்பில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கான்கிரீட் வளைவு இறங்கும். எஃப்.இ. பிரோமிஜ் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1936 அக்டோபரில் திறந்த குரோவ்னர் சினிமா. பிறகு ஓடியன், கௌமோன்ட், ஏஸ் என்று பல பெயர் மாறி 1986-ல் படம் நின்றது. இதன் முன்கூடத்தின் நடுவில் தரையைக் கீழே இறக்கி ஒரு வட்டப் பள்ளம் மாதிரி செய்து, அதில் காபிக்கடை வைத்தார்கள். படம் பார்க்கப் போகிறவர்கள் சுற்றி நடக்க, நடுவில் சிலர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பார்க்கிறவருக்கும் காட்சி, சாப்பிடுகிறவருக்கும் காட்சி. புது ஊருக்கு வந்து யாரையும் தெரியாத 1930-களின் குடும்பங்களுக்கு அது ஓர் அறிமுக மேடை.

இப்போது இந்தக் கட்டடம் ஜொராஸ்ட்ரியர்களின் மையம். அதாவது நம்ம ஊர்ப் பார்சிகள், ஈரானிகளின் பொது வீடு. இதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். பம்பாயின் ஈரானிக் கடைகளை நடத்தியவர்கள் இந்தச் சமூகத்தவர்கள்தான். மார்பிள் மேசை, வளைத்த மரத்து நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. வக்கீலும் டாக்சி டிரைவரும் மாணவனும், எந்த மதக்காரரும் எந்தச் சாதிக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்த கடைகள் என்று அவற்றுக்குப் பெயர். 1904-ல் தொடங்கிய கயானி இன்றும் இருக்கிறது. 2010-ல் லண்டனில் ஆரம்பித்த டிஷூம் உணவகம் அந்தத் தோற்றத்தை எடுத்துத்தான் புகழ் பெற்றது. நாற்காலியைக் காப்பி அடிப்பது சுலபம். பக்கத்தில் யார் உட்காருவார் என்பதைக் காப்பி அடிப்பதுதான் கஷ்டம்.

வரைபடம்

சரி, நான் என்ன வரைந்தேன்?

ஒன்று, 'குடும்பத்தினருக்கு மட்டும்' தடுப்பு கிடையாது. நம்ம ஊர் ஹோட்டல்களில் திரைச்சீலை போட்ட பேமிலி ரூம் ஞாபகம் இருக்குமே. பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி அவர்களைக் காற்றில்லாத மூலையில் அடைத்தது. அதற்குப் பதிலாக லயன்ஸ் வழி: முகப்பு முழுக்கக் கண்ணாடி, தனியாக வரும் ஒருவருக்கும் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் நான்கு.

இரண்டு, நடுவில் ஒரே நீள மேசை. 8 பேர் உட்காரலாம். எங்கே உட்கார்ந்தாலும் தெரியாத ஒருவரின் பக்கத்தில்தான்.

மூன்று, பிரோமிஜின் பள்ளம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இரண்டு படி இறங்கினால் சக்கர நாற்காலி வர முடியாது. அதனால் தரையைத் தொடாமல் மேலே கூரையில் வட்டமான பள்ளம் செய்து அதில் விளக்கு வைத்தேன். வாசலில் படி இல்லை, சரிவு மட்டும். சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் இடம். கவுன்டரின் ஒரு பகுதி 850 மில்லிமீட்டர் உயரம்தான். குழந்தைகளும் ஐஸ்கிரீமைப் பார்க்கலாம் என்பது இலவச இணைப்பு.

நான்கு, எல்லாருக்கும் ஒரே கண்ணாடிக் கிளாஸ். காகிதக் கப் கேட்டால் மட்டும். கிளாஸ் கழுவும் இடத்தைப் பின்பக்கம் மறைக்காமல், கவுன்டருக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். இது கொஞ்சம் பிடிவாதமான முடிவு. இடத்தைத் தின்கிறது, சத்தம் வருகிறது.

இதெல்லாம் சேர்ந்து 26 பேர் உட்கார வேண்டிய கடையில் 20 பேர்தான் உட்கார முடிகிறது. மதிப்பீட்டில் முதல் கேள்வியே அதுதான்: "6 இருக்கை குறைந்தால் கடைக்காரர் வாடகை எப்படிக் கட்டுவார்?" நியாயமான கேள்வி. இந்தக் கடைவீதியில் வாடகை என்னவென்று கேட்டால் ஐஸ்கிரீம் தானாகவே உருகும். கடினமான நாற்காலி போட்டால் ஜனங்கள் சீக்கிரம் எழுந்து போவார்கள், 20 இருக்கையிலேயே நிறையப் பேர் வந்து போகலாம் என்று ஒரு வழி சொன்னார்கள். தொழிலில் இது தெரிந்த உத்திதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரவு நெருக்கடி நேரத்துக்கு வாசல் பக்கமே பார்சல் ஜன்னல் ஒன்று வைத்து, உட்காராமல் போகிறவர்களை அங்கேயே அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பாதி சமாதானம் ஆனார்கள். மதிப்பெண் வந்ததும் சொல்கிறேன்.

மது குடிக்காத இளைஞர்கள், ராத்திரி 11 மணிக்குக் குடும்பத்தோடு வெளியே வருபவர்கள், ரம்ஜான் நோன்பு முடித்துவிட்டு வருபவர்கள் என்று இந்த ஊரில் டெஸர்ட் கடைகளுக்குக் கூட்டம் சேர்வதைப் பார்க்கிறேன். பப்பில் இடமில்லாதவர்களின் பப் இது. 1864-ல் டீக்கடை செய்த வேலையை இப்போ வாஃபிள் கடை செய்கிறது. அதனால்தான் ஆறு நாற்காலிக்காக இவ்வளவு சண்டை போட்டேன்.

உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க ஊரில் முதன்முதலாக உட்கார்ந்து ஐஸ்கிரீமோ ஜிகர்தண்டாவோ சாப்பிட்ட கடை எது? அதில் மேசைகள் எப்படி இருந்தன? அந்தக் கடைக்கு வெளியே நின்றவர்கள் யாராவது ஞாபகம் இருக்கிறார்களா? பின்னூட்டத்தில் எழுதுங்க. முதல் கேள்விக்கு எல்லாரும் எழுதுவீங்க என்று தெரியும். கடைசிக் கேள்விக்கும் யாராவது எழுதினால் நல்லா இருக்கும்.